ரவுட்டருக்கு வைஃபை கார்டு: டிரைவரைப் பாருங்கள், வீட்டுச் சுவரையும் பாருங்கள்

பழைய மினி பிசியில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளம்) போட்டு ரவுட்டராக்க நினைக்கிறீர்களா? நல்ல காரியம். கார்டு வாங்கும்போது மட்டும் பெட்டியில் அச்சடித்த வேகத்தை நம்பாதீர்கள். முதலில் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள்.

லேப்டாப்பில் கழற்றிய இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 வைஃபை கார்டுகள் சுலபமாகக் கிடைக்கும். ரவுட்டருக்கு வேண்டாம். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அந்தக் கார்டே முடிவு செய்துகொள்ளும். செட்டிங்கில் இந்தியா என்று நாம் எழுதினாலும் 5 கிகாஹெர்ட்ஸில் ஆக்சஸ் பாயின்டாக (போன், லேப்டாப் வந்து இணையும் வைஃபை மையமாக) இயங்க விடாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 சாதாரண எம்.2 ஸ்லாட்டில் (போர்டில் கார்டு செருகும் இடம்) வேலையே செய்யாது.

மீடியாடெக் சிப் தேடுங்கள். அதற்கான எம்டி76 டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. எம்டி7921 சிப் ஒரு நேரத்தில் ஒரு பேண்டைத்தான் (அலைவரிசையைத்தான்) தரும். எம்டி7915 என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தே ஓடும். விலை கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. சூடாகும்; ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள், சித்திரை வெயிலில் அவசியம்.

கையில் ஏற்கெனவே கார்டு இருந்தால் லினக்ஸில் மாட்டி 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) கட்டளை கொடுங்கள். இன்டர்ஃபேஸ் மோடுகளில் 'ஏபி' (AP, ஆக்சஸ் பாயின்ட்) இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: கீழே 5180 மெகாஹெர்ட்ஸ், அதாவது 36-ஆம் சேனல், அதற்கு நேராக 'நோ ஐஆர்' (no IR, கார்டு தானாக அலை எழுப்பக் கூடாது) என்றிருந்தால் அதில் ஏபி எழும்பாது.

சரி, இனி சுவர். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் ஃபைபர் வந்து சேருவது முகப்பில். வளவு திறந்த முற்றம் என்பதால் சுற்றுப் பத்தி (தாழ்வாரம்) முழுக்க 5 கிகாஹெர்ட்ஸ் தாராளமாக வரும். பக்கத்து அறைக்குள் போய்த் தேக்குக் கதவைச் சாத்தினால் 2.4 மட்டும்தான். அடுப்படி இருக்கும் இரண்டாம் கட்டில் அதுவும் இல்லை. அப்பத்தா அங்கே உட்கார்ந்துதான் சிங்கப்பூர்ப் பேத்தியிடம் வீடியோவில் பேசுவார்கள்.

பெரிய ஆன்டெனாவும் இதை முழுதாகத் தீர்க்காது. ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்டாலும், போன் திருப்பிச் சொல்வது அத்தனை கனத்த சுவரைத் தாண்டி வர வேண்டுமே. அதனால் இரண்டாம் கட்டுக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கும் போதும். உத்தரத்தை ஒட்டி, கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் துளை போடாதீர்கள்: பெயர்ந்தால் அதே வழவழப்பில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள். 2.4-இல் ஒன்றை 1-ஆம் சேனலிலும் மற்றதை 11-லும் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.