அடிபட்டால் முதலில் வாயைத் திறங்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவன். இங்கே வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் சாரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கிவிட்டது. ஊர்க்காரர் என்று எனக்கு போன் அடித்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். மூன்று பேருமாக டாக்டர் அறைக்குள் போனோம். "எப்படி நடந்தது?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்: "ரூம்ல குளிக்கிறப்ப வழுக்கிட்டான்." டாக்டரும் அதையே கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டார்.

நான் தமிழில் கேட்டேன். "எங்கடா விழுந்த?"

"சாரத்துலேருந்துண்ணே. பலகையைக் கட்டாம விட்டிருந்தாங்க."

அதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தார், அடித்திருந்த வரியை அழித்துவிட்டு வேறு வரி அடித்தார். பிறகு நடந்த எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. குளியலறையில் விழுந்தவனுக்கு இழப்பீடு கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு உண்டு.

பிறர் கவனக்குறைவால் அடிபட்டால் இந்த ஊரில் என்ன வழி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். சட்டம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாள் என்ன பதிவாகிறது என்பதில்தான் நம்மாட்கள் கோட்டை விடுகிறார்கள். ஆங்கிலம் வரவில்லையா, "தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஒரு தாதியாவது இருப்பார். உங்களுக்கு நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். விழுந்த இடம், ஏணி, அறுந்த கயிறு, ஈரத் தரை என்று எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த இடம் பளிச்சென்று ஆகிவிடும்.

வேலையில் அடிபட்டால்

உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். ஒரே காயத்துக்கு இரண்டிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது. ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்று, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். எல்லோரும் 'விக்கா' என்பார்கள். 2019-ல் இயற்றி, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பது. இதில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டது என்றால் போதும். நீங்களே கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தாலும் உரிமை உண்டு, குடித்துவிட்டு விழுந்தால் சிக்கல். பர்மிட்டில் வந்தவர், எஸ் பாஸ், இ பாஸ் என்ற வேலை அனுமதி வித்தியாசமும் இல்லை. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போது அடிபட்டாலும் சேரும். எம்ஆர்டி ரயிலில் போகும்போது விழுந்தால் சேராது. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளைம் போட வேண்டும்.

எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு, எடுத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் எம்சிக்கு 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருடம் வரை. இதைச் சராசரி மாத வருமானத்தில் கணக்குப் போடுவார்கள், ஓவர்டைமும் அதில் சேரும். ஆகவே சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். மருத்துவச் செலவு முதலாளியுடையது. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை அல்லது ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அது வரை. நிரந்தர ஊனத்துக்கு உங்கள் வயது, சம்பளம், டாக்டர் போடும் சதவீதம் மூன்றையும் வைத்துக் கணக்கிடுவார்கள். முழு ஊனத்துக்குக் குறைந்தது 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி. 10 சதவீத ஊனம் என்றால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 11,600 வெள்ளிக்குக் கீழே போகாது. இறந்துபோனால் குடும்பத்துக்கு 91,000 முதல் 269,000 வரை.

ஒருநாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்திருந்தாலே கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேற்படாத எம்சி என்றால் சொல்ல வேண்டியதில்லை. அதனால் "ரெண்டு நாள் எம்சி போதும் டாக்டர்" என்று கூட வந்தவரே பேரம் பேசுகிற கூத்தெல்லாம் நடக்கும். கம்பெனி சொல்லாவிட்டால் நீங்களே அமைச்சிடம் நேரடியாகப் புகார் செய்யலாம். பர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் கிளைம் உரிமை பறிபோகாது. கிளைம் நடக்கும்வரை இங்கேயே தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை செய்ய முடியாது. நம்மாட்கள் உடைந்துபோவது அங்கேதான். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் நிற்கும், கையில் காசு இருக்காது. பர்மிட்டில் இருப்பவரின் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்பது சட்டம். அது நடக்காத நேரத்தில் லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 அமைப்பு அடிபட்ட தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது, வழக்குக்கும் வழி சொல்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

இரண்டாவது வழி, லாயர் வைத்து முதலாளி மேல் சிவில் வழக்கு. அதில் மேலே சொன்ன உச்சவரம்பு கிடையாது. வலிக்கு, வேதனைக்கு, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போவதற்கு எல்லாம் கேட்கலாம். ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். மூன்று வருடம் அவகாசம். என் அபிப்பிராயம் இது: சாதாரண எலும்பு முறிவுக்கு விக்காவே நிம்மதி. முதுகுத்தண்டு, கண், கை போன்ற பெரிய இழப்பு என்றால், அதுவும் வயது இருபத்தைந்து என்றால், விக்கா தொகை உறுதியாவதற்கு முன்பே ஒரு லாயரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விக்கா தொகையைச் சொல்லும் மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தால் ஆட்சேபிக்க 14 நாள்தான். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது.

வீட்டு வேலைக்கு வந்திருக்கும் அக்காமார் விக்காவில் வரமாட்டார்கள். அவர்களுக்கு முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். பாலிசி எங்கே என்று கேட்பதில் தப்பில்லை.

சாலையில்

இங்கே ஓடும் ஒவ்வொரு கார், லாரி, மோட்டார் சைக்கிளுக்கும் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி கட்டாயம். ஆகவே இடித்தவர் ஏழை டிரைவர் என்று பரிதாபப்பட்டு விட்டுவிட வேண்டியதில்லை, பணம் கட்டுவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த காரில் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள், போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். "ஐம்பது வெள்ளி வச்சுக்க, ரிப்போர்ட் வேணாம்" என்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்கும், காப்புறுதி இல்லாத வண்டிக்கும் மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கே முறையிடலாம். சைக்கிள்காரருக்கும் மின்ஸ்கூட்டர்காரருக்கும் இந்தக் கட்டாயக் காப்புறுதி இல்லை. 2019 நவம்பர் முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது, ஆனாலும் இடித்தால் அவர் சட்டைப்பையிலிருந்துதான் வாங்க வேண்டும்.

சாலை கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் விளக்கு எரிகிறது, நமக்கென்ன என்று நடப்பவர்களுக்கு ஒன்று. பச்சை விளக்கில் கடந்தவரை டாக்சி இடித்த வழக்கு ஒன்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அடிபட்டவர் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று 15 சதவீதப் பொறுப்பை அவர் மேலேயே வைத்தார்கள். இழப்பீட்டிலும் அந்த 15 குறைந்தது. உங்கள் பங்கு தப்பு எவ்வளவோ அவ்வளவு வெட்டுவார்கள், மொத்தமாகப் போய்விடாது.

கடை, மருத்துவமனை

பேரங்காடியில் வழுக்கி விழுந்தால் விக்கா மாதிரி தானாகப் பணம் வராது. தண்ணீர் கொட்டிக் கிடந்தது கடைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்கக்கூடிய அளவு நேரம் கிடந்திருக்க வேண்டும். சிசிடிவிதான் சாட்சி. அது சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அன்றே மின்னஞ்சலில் "இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதிவிடுங்கள். சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். காயத்துக்கான இழப்பீட்டை அங்கே எடுக்கமாட்டார்கள். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம்.

மருத்துவத்தில் தப்பு நடந்தது என்று நினைத்தால், ஆபரேஷன் சரியாக வராததெல்லாம் கவனக்குறைவு ஆகாது. அதே துறையில் இன்னொரு நிபுணர் எழுத்தில் சொல்ல வேண்டும். மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம், உங்களுக்குப் பணம் வராது. அது தனி வழக்கு.

லாயர், கையெழுத்து

மருத்துவமனை வாசலிலும் தேக்காவில் சாப்பாட்டுக் கடை மேசையிலும் ஒருவர் வந்து, "நம்ம லாயர்ட்ட வாங்க, கேஸ் ஜெயிச்சா முப்பது பர்சன்ட் கொடுத்தா போதும்" என்பார். காய வழக்கில் கிடைக்கும் இழப்பீட்டிலிருந்து சதவீதம் எடுக்க இங்கே லாயருக்கு அனுமதி இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையும் தடை செய்யப்பட்டதுதான். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் பியூரோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும், நம்மைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு இல்லை. மேலே சொன்ன தொழிலாளர் அமைப்புகள்தான் நல்ல தொடக்கம்.

இன்ஷூரன்ஸ்காரர் சீக்கிரமே ஒரு தொகையோடு வருவார். தாளின் அடியில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் நாளை இன்னொரு ஆபரேஷன் வந்தாலும் திரும்பிக் கேட்க முடியாது. வைத்தியம் முடியாமல் போடாதீர்கள். புரியாத தாளில் எப்போதுமே போடாதீர்கள்.

மணிக்கட்டு உடைந்த தம்பியை அமைச்சிலிருந்து கூப்பிட்டபோது அவன் முதல் நாள் இரவெல்லாம் ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். 'ஸ்கஃபோல்டிங்' என்பதே அவன் வாயில் நுழையவில்லை. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர் தருவார்கள், அமைச்சிலும் கேளுடா என்றேன். கேட்டான். தமிழ் தெரிந்த அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். "எங்க விழுந்தீங்க, சொல்லுங்க தம்பி" என்றாராம். மனப்பாடம் செய்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து ஆரம்பித்தான்.