கோடிங்குக்கு லேப்டாப்: ரேம் எவ்வளவு, விண்டோஸ் ஹோமா புரோவா?

ஐபோன் ஆப் எழுதுவதுதான் உங்கள் திட்டமா? அதற்கு ஆப்பிளின் ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் வேண்டும். அது மேக்ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். மேக்புக் வாங்குங்கள், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. வெப், ஜாவா, பைத்தான், ஆண்ட்ராய்டு பக்கம் போகிறவர்களுக்கு விண்டோஸ் லேப்டாப் போதும்.

படி 1: ரேம்

16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, திரையிலேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டர், கூடவே குரோமில் பத்து டேப் திறந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். அதன்பின் விண்டோஸ், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இடம் பிடித்து ஒப்பேற்றும். ஒவ்வொரு கிளிக்கும் இழுக்கும்.

பட்ஜெட் 8 ஜிபியோடு நின்றால், காலி ஸ்லாட் உள்ள மாடலாகத் தேடுங்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்டவே முடியாது. கடையில் டெமோ பீஸ் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கே தெரியும்.

படி 2: பிராசசரின் முழுப் பெயர்

இன்டெல் சிப்பை ‘ஐ5’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. ஐ5-1235யு அடிப்படையில் 15 வாட் சிப்; வேகமான கோர் இரண்டே. ஐ5-12450எச் 45 வாட்; வேகமான கோர் நான்கு. பெரிய புராஜெக்டை பில்ட் செய்யும்போது, அதாவது கோடை ஓடும் ஆப்பாக மாற்றும்போது, வித்தியாசம் தெரியும், பேட்டரியும் அதற்கேற்பச் சீக்கிரம் இறங்கும்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதுசு என்று நினைப்போம். மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் உண்மையான தலைமுறை. ரைசன் 5 7520யு என்பது ஜென் 2 தலைமுறை, 4 கோர். 7530யு என்பது ஜென் 3, 6 கோர். பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வேறு!

எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. மெதுவான இஎம்எம்சி என்று போட்டிருந்தால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

படி 3: விண்டோஸ் பதிப்பு

இந்தியாவில் விற்கும் லேப்டாப் பலவற்றில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ இருக்கும். திரை மொழியை மாற்ற முடியாது என்பதைத் தவிர, அது சாதாரண ஹோம்தான். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, அதன்மேல் ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் இரண்டும் ஹோமிலேயே ஓடும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி மேனேஜர், சந்தேகமான ஆப்களைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், வெளியிலிருந்து இந்த லேப்டாப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவது, கம்பெனி டொமைனில் சேர்ப்பது, இவற்றுக்குத்தான் புரோ. கற்றுக்கொள்பவருக்கு இதில் எதுவும் உடனே வேண்டாம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் எதையும் அழிக்காமலேயே புரோவுக்கு மாறலாம்.

லேப்டாப் விண்டோஸின் ‘எஸ் மோடில்’ வந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள ஆப்களைத் தவிர எதையும் நிறுவ விடாது. பயப்படாதீர்கள், இலவசமாகவே வெளியே வரலாம்; திரும்ப உள்ளே போகத்தான் வழி இல்லை.

படி 4: முதல் நாள்

பயனர் ஃபோல்டரின் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வராமல் பாருங்கள். சில பில்ட் கருவிகள் அதில் தடுக்கி விழும். புராஜெக்டுகளை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் அதைத் தானாக சிங்க் செய்துகொண்டிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுகள் இறக்கிவைக்கும் நோட் மாட்யூல்களின் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளையும் ஏற்றப் பார்க்கும். சி டிரைவில் தனி ஃபோல்டர் போடுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் வேலை செய்தால் கோப்புகளை லினக்ஸ் பக்கமே வையுங்கள். சி டிரைவில் இருப்பதை அங்கிருந்து படிப்பது மிக மெதுவு.

டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘விர்ச்சுவலைசேஷன்’ டிசேபிள்ட் என்றிருந்தால் டபிள்யூஎஸ்எல் 2, எமுலேட்டர் இரண்டும் மக்கர் செய்யும். லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய் இன்டெலுக்கு விடி-எக்ஸ், ஏஎம்டிக்கு எஸ்விஎம் என்பதை ஆன் செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பூட்டிய டிஸ்கைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ஹோமிலும் டிஸ்கைப் பூட்டும் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் கை வைத்த பிறகு சில லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும்.