செவில் கசப்பு ஆரஞ்சில் மார்மலேட் செய்யும் முறை

ஸ்பெயினின் செவில் நகரத் தெருக்களில் நிழலுக்கும் அழகுக்குமாக வளர்க்கப்படும் ஆரஞ்சு மரங்களின் பழத்தை உரித்து அப்படியே உண்ண முடியாது. பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து பிறந்த இந்தப் பழத்தில் புளிப்பும் கசப்பும் மிகுதி, விதைகளும் ஏராளம். ஆயினும் தோல் கீற்றுகள் சேர்ந்த பழ ஜாமான மார்மலேட்டுக்கு இதற்கு இணையான பழம் வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து. பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இது சனவரியை ஒட்டிய சில வாரங்கள் மட்டுமே கடைகளில் கிடைக்கும். உடனே செய்ய நேரமில்லையெனில் முழுப் பழமாகவே ஃப்ரீசரில் வைக்கலாம்.

ஒரு கிலோ பழத்துக்கு ஓர் எலுமிச்சை, 2.5 லிட்டர் தண்ணீர், 2 கிலோ சர்க்கரை தேவை. பழங்களை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, குறுக்கே வெட்டிச் சாறு பிழிந்துகொண்டு, விதைகளையும் உள்ளிருக்கும் சவ்வையும் வழித்தெடுத்து மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டவும். மார்மலேட்டை இறுக வைக்கும் பெக்டின் விதைகளிலும் தோலின் வெள்ளைப் பகுதியிலும்தான் நிறைந்திருக்கிறது. ஆகவே அவற்றை எறிந்துவிடக் கூடாது. தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மூட்டை ஆகியவற்றுடன் ஓரிரவு ஊறவிடவும்.

மறுநாள் இதை மிதமான தீயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தோல் கீற்று விரலால் அழுத்தினால் நசுங்கும் வரை, வேகவைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. சர்க்கரை சேர்ந்த பிறகு தோல் மேற்கொண்டு மென்மையாவதில்லை. மூட்டை ஆறியதும் அதை நன்றாகப் பிழிந்தால் கொழகொழப்பான திரவம் வெளிவரும்; அதையும் பாத்திரத்திலேயே சேர்க்கவும்.

பின்னர் சர்க்கரையைக் கொட்டி, சிறு தீயில் முழுவதும் கரைந்த பின்னரே தீயைக் கூட்டிக் கொதிக்க விடவும். வெப்பநிலை 104 முதல் 105 டிகிரி செல்சியசை எட்டும்போது பதம் வரும். வெப்பமானி இல்லாதவர்கள், ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு துளி விட்டு, சற்று ஆறியதும் விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் அடுப்பை அணைத்துவிடலாம். கால் மணி நேரம் பொறுத்து, ஒருமுறை கிளறி, கொதிநீரில் சுத்தம் செய்த சூடான கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றவும். பொறுக்காமல் ஊற்றினால் தோல் கீற்றுகள் எல்லாம் மேலே மிதந்துவிடும்.

மிஞ்சிய பழங்களின் சாற்றை மெக்சிகோவின் யுகாத்தான் வட்டாரத்தில் செய்வதுபோல் அச்சியோத்தே என்னும் சிவப்பு விதை விழுதுடன் கலந்து இறைச்சியை ஊறவைக்கலாம். ஈரானியர்களைப் போல வறுத்த மீனின் மேல் பிழியவும் செய்யலாம்.

மலரின் மணம் வேண்டுவோர் துனிசியாவிலும் லெபனானிலும் வடிக்கப்படும் ஆரஞ்சுப் பூ நீரை வாங்கிக்கொள்ளலாம். பூக்களை நீராவியில் வடிக்கும்போது நீருடன் பிரிந்துவரும் எண்ணெய்தான் வாசனைத் திரவியங்களில் சேரும் நெரோலி. இலைகளிலிருந்தும் இளங்கிளைகளிலிருந்தும் கிடைப்பது பெட்டிகிரெய்ன். லெபனானில் ஒரு கோப்பை வெந்நீரில் சிறிது பூ நீர் கலந்து, வெள்ளைக் காபி என்ற பெயரில் உணவுக்குப் பின் அருந்துகிறார்கள். ஒரு தேக்கரண்டியே போதும். மிகுந்தால் சோப்பு வாடை அடிக்கும்.

கிரேப்ஃபுரூட்டைப் போலவே இப்பழமும் சில மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுக்கக்கூடியது என்பதால், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இதை உண்ண வேண்டும்.