‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய புதிதில் ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதை ‘அவள் பள்ளிக்கு ஓடுகிறாள்’ என்று மொழிபெயர்த்து வைத்தேன். பாவம், அந்த அம்மா பள்ளியை நடத்துகிறவர். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் அதிக இடத்தைப் பிடித்திருந்தது. பிறகு திருத்தி எழுதியபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள்! மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். வாக்கியத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தால் போதும்.

படி 1: ஓடுவது எது?

ஆள் ஓடினால் சிக்கல் இல்லை. பொருள் என்றால் முதலில் நம் ‘ஓடு’வையே வைத்துப் பாருங்கள். தமிழிலும் கால் இல்லாதவை ஓடும்: மோட்டார் ஓடும், படம் ஓடும். அங்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். ஆனால் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. துவைக்கும்போது ‘தி கலர்ஸ் ரேன்’ என்றால் சாயம் கரைந்து பரவிவிட்டது. (நமக்குக் குழப்பத்தில் ‘ஒன்றும் ஓடவில்லை’, அதற்கு ‘ரன்’ உதவாது.)

படி 2: எதை?

‘ரன்’னுக்குப் பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா? தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கம்பெனியை ‘ரன்’ செய்தால் நடத்துவது, கணினி நிரலை என்றால் இயக்குவது. ‘ரன் எ ஃபீவர்’ மட்டும் இதில் அடங்காது. காய்ச்சல் அடிக்கிறது என்று பொருள்.

படி 3: ஒட்டி வரும் குட்டிச்சொல்

வழுக்கும் இடம் இதுதான். ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. தமிழில் தீர்வது பால். ஆங்கிலத்தில் எழுவாய் ‘நாங்கள்’. இதைக் கவனிக்காமல் ‘மில்க் ரேன் அவுட் ஆஃப்’ என்று தொடங்கினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்றால் பெரும்பாலும் ஆசிரியரைத் தற்செயலாகப் பார்த்தேன். அதே ‘ரேன் இன்டு’வுக்குப் பின் மரம் வந்தால், மோதிவிட்டேன். வண்டி ஒருவரை ‘ரன் ஓவர்’ செய்தால் விபத்து. கூட்டம் ‘ரேன் ஓவர்’ என்றால் நேரம் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

படி 4: பெயர்ச்சொல்லா?

கிரிக்கெட் ரன் தெரிந்ததுதான். ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாளடைவில்.

சரி, இப்போது நீங்கள்: ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்.’ சாலை ஓடுமா?