பிள்ளைகளிடம் சர்வே எடுக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

வருடா வருடம் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் டேப்லெட்டும் கையுமாக எங்கள் வேலூர் பக்கம் வருகிறார்கள். அட்டையும் பேனாவுமாக அலைந்த காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் அவர்களும் சொதப்புகிறார்கள். வாத்தியாரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கழிவறை சுத்தமா என்று கேட்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படிக்கிற பிள்ளையிடம் "ஏன் நின்றுவிடுகிறார்கள்?" என்று கேட்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சர்வே இடைநிற்றலைப் பற்றி. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒன்பதாம் வகுப்புக்குள் போய், அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் படிவத்தைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுவார்கள். நின்றுபோன பிள்ளை எப்படி ஐயா வகுப்பில் உட்கார்ந்திருக்கும்? உட்கார்ந்திருப்பவர்கள், வாத்தியார் திட்டும்போது காதில் விழுந்ததைத்தான் எழுதுவார்கள்: "அவனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை." அறிக்கையில் அதுவே முதல் காரணமாக ஏறிவிடும். அப்புறம் அதிகாரி என்ன செய்வார், தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு ஒரு முகாம் நடத்துவார். பணம் அங்கே போய்விடும்.

குடியாத்தம் பக்கம் அப்படிப் படிவம் நிரப்பிய ஓர் ஊரில் தெருவுக்குள் போனோம். திண்ணையில் ஒரு பெண், மடியில் முறம், பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையைச் சுருட்டி நூல் கட்டுகிற கை நிற்காமலே பதில் சொன்னாள். எட்டாவது வரை உள்ளூரிலேயே படித்தாள், ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் போக வேண்டும், காலையில் பஸ் சரியாக வருகிறது, சாயங்கால பஸ் இருட்டின பிறகுதான், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டபோது மட்டும் கை நின்றது. "தொண்ணூத்திரெண்டு சார்." ஆர்வமில்லாத பிள்ளையாம்! மாற்ற வேண்டியது ஒரு பஸ்ஸின் நேரம். வகுப்பறையில் நிரப்பிய படிவம் ஒன்றில்கூட அந்த பஸ் இல்லை.

கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை அளக்க 2005 முதல் நடக்கும் அசர் (ASER) சர்வே வீடு வீடாகப் போவது சும்மா இல்லை. பள்ளியில் சேராதவர்கள், பாதி நாள் லீவு போடுபவர்கள், தனியார் பள்ளியில் படிப்பவர்கள் என எல்லாரும் வீட்டில்தான் அகப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை பக்கம் என்றால், வெளியூர் வேலைக்குப் போன குடும்பங்கள் எப்போது திரும்பும் என்று முதலில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். போன வருட வருகைப் பதிவேட்டில் இருந்து இந்த வருடம் காணாமல் போன பெயர்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

"கடந்த 90 நாட்களில்..."

எந்தப் பத்து வயதுப் பிள்ளை தொண்ணூறு நாளை எண்ணிப் பார்க்கும்? குடியாத்தத்தில் "சிரசுத் திருவிழாவுக்கு அப்புறம்" என்று கேளுங்கள், வைகாசி முதல் நாளிலிருந்து கணக்குச் சொல்லும்.

பழைய மாவட்டக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலூர் வேறு, இன்றைய வேலூர் வேறு. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. பழைய வேலூர் கணக்கையும் இன்றைய வேலூர் கணக்கையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

உருது

ஆம்பூர், வாணியம்பாடிக்கு உருது பேசும் பெண் ஒருவர் குழுவில் இல்லாமல் போகாதீர்கள்.

அப்பா கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வது

பிள்ளையின் சம்மதம் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் கொண்டுவந்த ஆய்வு நெறிமுறைகளின்படி ஏழு வயதிலிருந்தே அதைக் கேட்டாக வேண்டும். "வேண்டாம்" என்று தலையாட்டினால் அதோடு விட்டுவிடுங்கள், மிட்டாய் கொடுத்துக் கெஞ்ச வேண்டாம்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

இந்த வாக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். "உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்று முதல் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் தெருவே அவளைத் திரும்பிப் பார்க்கும்.