ஊர்ந்து போகச் சொன்னால் உதறும் இன்ஜின்: சிவியில் கை வைக்கும் முன்

என்னிடம் ஆறு அச்சு ஹெச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் டீசல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. 128 வேகப்படிகளில் முதல் படியில் விட்டால் திக்கித் திக்கித்தான் நகரும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சிவி எண்களை, அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லின் அமைப்பு எண்களை, மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், சக்கரத்தின் பின்புறம் உரச வேண்டிய பித்தளைத் தகடு ஒன்று வளைந்து விலகி நின்றது. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை. தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் ஓட்டுபவர்களில் பலர் இதே வழியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

உதறல் எல்லாம் ஒன்றல்ல. முன்விளக்கைப் போட்டு, முதல் படியில் விட்டு, ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். விளக்கு சிமிட்டினாலோ, ஒலி டிகோடர் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை மறுபடி முதலிலிருந்து போட்டாலோ, மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது; முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கை. விளக்கு நிலையாக இருந்து, சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் அதே இடத்தில் குலுங்கினால் கோளாறு கியரில். இரண்டும் இல்லாமல் சீராக நடுங்கினால் மட்டுமே சிவி. ஒரு விதிவிலக்கு: வேகப்படி மாற மாற விளக்கு எரிந்து அணைந்தால் அது அழுக்கல்ல. டிகோடர் 14 படியிலும் கன்ட்ரோலர் 28 படியிலும் இருக்கிறது; வேகப்படி முறையை வைத்திருக்கும் சிவி 29-ஐச் சரிசெய்தால் போதும்.

அழுக்கென்றதும் உப்புத்தாளை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது விடும் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் வசதியாக உட்காரும். துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள். பிறகு அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு போகி (இன்ஜினின் ஒரு பக்கச் சக்கரத் தொகுதி) துணிமேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி இன்ஜினைப் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். அடுத்து திருப்பி வைத்து மற்ற போகி. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் கிளிப்பே மின்சாரத்தையும் கடத்திவிடும் என்று நம்பாதீர்கள். புதிதில் கடத்தும், நாளாக ஆகத் தளரும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் சால்டர் செய்வது அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை வேலை.

மின்சாரம் அறும் நொடியில் கைகொடுக்கும் கெபாசிட்டரையே மருந்தாக நினைப்பதும் தவறு. தடம் பிரியும் பிளாஸ்டிக் பாயின்ட்டில் குட்டி இன்ஜின் நின்றுபோவதற்கு அது அருமையான துணை. ஆனால் அழுக்கை அது மறைக்கத்தான் செய்யும்.

கியர் பக்கம் வந்தால், நான் அதிகம் பார்த்த தவறு எண்ணெய். பல்குச்சி நுனியில் ஒட்டுகிற அளவு போதும். மிஞ்சினால் வழிந்து, மோட்டாருக்குள் மின்சாரம் ஏறும் கம்யூட்டேட்டருக்கும் சக்கரத்துக்கும் போகும், பிறகு மறுபடி துணிதான். பிளாஸ்டிக் கியரில் விரிசல் இருக்கிறதா, பல்லுக்கிடையில் முடி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிகோடர் மாட்டுவதற்கு முன்பே சாதா டிசியில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே திக்கும் இன்ஜினை எந்த டிகோடராலும் முழுதாகத் திருத்த முடியாது.

இப்போது சிவி. நகரவில்லை என்றால் உடனே சிவி 2-ஐ, அதாவது தொடக்க மின்னழுத்தத்தை, ஏற்றுவது வழக்கம். ஏற்றிவிட்டால் முதல் படியிலேயே இன்ஜின் துள்ளிக் கிளம்பும். பேக் இஎம்எஃப் உள்ள டிகோடர் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே தருகிற மின்னழுத்தத்தை அளந்து, குறைந்தால் கூட்டிக் கொடுக்கிறது. அந்தத் திருத்தம் மோட்டாருக்குப் பொருந்தாமல் மிகையாகும்போதுதான் நடுக்கம். இஎஸ்யு லோக்சவுண்ட் 5 டிகோடரில், அந்தத் திருத்தத்தின் வேகத்தைச் சொல்லும் சிவி 54-க்கு 0 எழுதி, கன்ட்ரோலரில் எஃப்1 பொத்தானை அழுத்தினால் டிகோடரே அளந்து பொருத்திக்கொள்ளும். அந்த ஒன்றரை நொடி இன்ஜின் முழு வேகத்தில் பாயும். நான் தண்டவாளத்தின் நீளம் பார்க்காமல் அழுத்தி, மேசை விளிம்பில் கையால் பிடித்தேன். அதற்குப் பிறகும் நடுங்கினால் சிவி 54-ஐச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். நிற்கும் முன் துள்ளினால் சிவி 55-ஐச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே எண், அதையும் எழுதி வைத்துக்கொண்டு.

குழம்பிப்போனால் பல டிகோடர்களில் சிவி 8-க்கு 8 எழுதினால் ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். இன்ஜினைக் கூப்பிடும் முகவரியும் 3 ஆகிவிடும். அது தெரியாமல், இன்ஜின் செத்தே போய்விட்டது என்று அரைமணி நேரம் பழைய முகவரியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்.