பாண்ட் உடைஞ்சா எனர்ஜி வெளிய வராது: கெமிஸ்ட்ரி ஆரம்பிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதுசா சேர்ந்த பசங்களோட பேப்பர் திருத்திட்டு இருந்தேன். பதினாலு பேப்பர்ல ஒன்பதுல ஒரே வரி, "பிணைப்பு உடையும்போது அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் வெளிப்படுகிறது". கையெழுத்து மட்டும் தான் வேற வேற. பிணைப்புன்னா பாண்ட், அணுவ அணுவோட சேத்து வைக்கிறது. பாத்ததும் வயித்த பெசைஞ்சிருச்சு, ஏன்னா இதே வரிய வார்த்தை மாறாம நானும் ஒரு காலத்துல எழுதிருக்கேன், எழுதினதோட நிக்காம ரெண்டு வருஷம் மத்தவங்களுக்கு சொல்லியும் குடுத்திருக்கேன்.

வேலன்சி மாத்தி போடுறது, ஈக்வேஷன் பேலன்ஸ் பண்ண மறக்குறது, குளோரினுக்கும் குளோரைடுக்கும் குழம்புறது இதெல்லாம் இங்க பேசல, ரெண்டு மாசம் போட்டு பழகினா தானா சரியாயிடும். பழகப் பழக இன்னும் இறுகிப் போற தப்பு சிலது இருக்கு, அதுக்கு தான் இது.

பாண்டுக்குள்ள எனர்ஜி அடைஞ்சு கெடக்குதுன்னு நெனைக்கிறது

காலேஜ் படிக்கும்போது டியூஷன் எடுத்துட்டு இருந்தேன். பாண்ட்னா அமுக்கி வச்ச ஸ்பிரிங் மாதிரி, கட்ட அவுத்தா எனர்ஜி பீறிட்டு வரும்னு சொல்லுவேன். கேக்க நல்லா இருக்கும், பசங்க தலையாட்டுவாங்க, நானும் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சுப்பேன். அத நோட்ஸா எழுதி குடுத்தேன், அது ஜெராக்ஸ் ஆகி அடுத்த பேட்ச்க்கு போச்சு, அங்கேந்து நான் பாத்தே இராத பசங்க கைக்கெல்லாம் போயிருக்கு.

ஒரு நாள் ஒரு பொண்ணு கேட்டா, "அண்ணா, உடைஞ்சா எனர்ஜி வரும்னா ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒண்ணா வச்சதுமே வெடிக்கணும்ல, எதுக்கு தீப்பொறி காட்டணும்?" நல்ல கேள்வி. "அது ஆக்டிவேஷன் எனர்ஜி மா, அப்பறம் வரும்"னு தட்டிக் கழிச்சுட்டேன். அன்னைக்கு உக்காந்து யோசிச்சிருந்தா அந்த நோட்ஸ் அங்கயே நின்னுருக்கும். அடுத்த வருஷம் ஒரு பையன் பேப்பர எடுத்துட்டு வந்து நின்னான். பாண்ட் எனர்ஜி மதிப்பு எல்லாம் மனப்பாடம், கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஆனா உடைக்கிறதுக்கு மைனஸ், சேர்றதுக்கு ப்ளஸ்னு போட்டு, கொழுந்து விட்டு எரியுற ஒரு ரியாக்ஷன வெப்பத்த உறிஞ்சுற ரியாக்ஷன்னு முடிச்சிருந்தான். "உங்க நோட்ஸ்ல இப்படித்தானண்ணா இருக்கு"ன்னான். இருந்துச்சு. என் கையெழுத்துல.

இப்ப ரெண்டு காந்தத்த கைல எடுத்துக்கோங்க. எதிர் முனைய எதிர் முனைக்கு பக்கத்துல கொண்டு போனா ஒரு தூரத்துக்குள்ள வந்ததும் கைய மீறி போய் ஒட்டிக்கும், டக்னு ஒரு சத்தம் வரும். அந்த சத்தம், லேசா ஏறுற சூடு, இதெல்லாம் சேரும்போது வெளிய போன எனர்ஜி. இப்ப பிரிச்சு பாருங்க. நகத்த குடுத்து நெம்பணும், விரல் வலிக்கும், எனர்ஜி உங்க கைலேந்து உள்ள போகுது. ஒட்டிட்டு இருக்கிற காந்தத்துக்குள்ள பீறிட்டு வர்றதுக்கு ஒண்ணுமே காத்துட்டு இல்ல. ரெண்டு அணுவும் இப்படித்தான், காந்த விசைக்கு பதிலா நியூக்ளியசுக்கும் (அணுக்கரு) எலக்ட்ரானுக்கும் நடுவுல இருக்கிற மின் இழுவை, அவ்வளவு தான் வித்தியாசம். சேர்ந்தா எனர்ஜி வெளிய போகும், பிரிக்கணும்னா நாம குடுக்கணும், எந்த பாண்டா இருந்தாலும்.

நம்பர வச்சு பாத்தா இன்னும் தெளிவா தெரியும். ரெண்டு மோல் ஹைட்ரஜன், ஒரு மோல் ஆக்சிஜன் (மோல்னா மூலக்கூறுகள எண்ணுற ஒரு அளவு). ஹைட்ரஜன் மூலக்கூறோட எச்-எச் பாண்ட உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல், ரெண்டுக்கு 872. ஆக்சிஜனோட இரட்டை பாண்டுக்கு 498. ஆக மொத்தம் 1370 கிலோஜூல் நம்ம கைலேந்து போகுது. இப்ப தண்ணி ஆகும்போது நாலு ஓ-எச் பாண்ட் உருவாகுது, ஒண்ணு 463, நாலுக்கு 1852. வந்தது 1852, போனது 1370, மிச்சம் 482, அதான் நெருப்பு. அந்த 482ம் புதுசா சேர்ந்த பாண்டுலேந்து வந்தது, உடைஞ்ச பாண்டுலேந்து ஒரு ஜூல் கூட வரல. தீப்பொறி எதுக்குன்னு அந்த பொண்ணு கேட்டதுக்கு பதிலும் இதுலயே இருக்கு, மொத மொத சில பாண்ட நெம்ப யாராவது கடன் குடுத்தாகணும், அது சேர்ந்து வெளிய விடுறது அடுத்தத நெம்ப பத்தும், பத்துறதுக்கு மேலயே இருக்கும்.

"அப்ப எரிபொருள்ல எனர்ஜி இருக்குன்னு சொல்றது பொய்யா?"ன்னு கேப்பாங்க. பொய் இல்ல, ஆனா அது அந்த ஒரு மூலக்கூறுக்குள்ள பூட்டி வச்சது கெடையாது, எரிபொருளும் ஆக்சிஜனும் பக்கத்து பக்கத்துல இருக்கிற நிலைக்கும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் ஆன நிலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். வீக்கான பாண்ட் போய் ஸ்ட்ராங்கான பாண்ட் வருது. ஃப்ளூரின் ஏன் கண்டது மேலெல்லாம் பாயுது? அதோட பாண்ட் வெறும் 158 கிலோஜூல், சுலபமா உடையும், மத்த அணுவோட சேர்ந்தா கிடைக்கிற பாண்ட் ரொம்ப ஸ்ட்ராங். பெரும்பாலான வெடிமருந்துல ஏன் நைட்ரஜன் இருக்கு? நைட்ரஜன் அணு ரெண்டும் ஒண்ணா சேர்ந்து மூணு பாண்ட் போட்டுக்கும்போது மோலுக்கு 945 கிலோஜூல் வெளிய வருது. ஸ்பிரிங் கதைப்படி பாத்தா இவ்வளவு பெரிய பாண்ட் வச்சிருக்கிற நைட்ரஜன் வாயு தான் உலகத்துலயே பெரிய வெடிகுண்டா இருக்கணும், ஆனா அது காத்துல முக்கால் பங்குக்கு மேல இருந்துட்டு சும்மா சுத்திட்டு இருக்கு. இந்த ஒரு உதாரணம் போதும் அந்த கதைய தூக்கி எறிய.

பயாலஜி பக்கம் வந்தா ஏடிபி, செல்லுக்குள்ள எனர்ஜிக்கு பயன்படுற மூலக்கூறு. "ஹை எனர்ஜி பாஸ்பேட் பாண்ட்"னு 1941ல உயிர்வேதியியல்காரர் ஃபிரிட்ஸ் லிப்மன் காலத்துலேந்து சொல்லிட்டு வர்றாங்க, பேர வச்சு அந்த பாண்ட வெட்டினா எனர்ஜி கொட்டும்னு பசங்க முடிவு பண்ணிடுறாங்க. வெட்ட அங்கயும் எனர்ஜி வேணும். தண்ணியோட ரியாக்ட் ஆகி, புது பாண்ட் வந்து, வெளிய வந்த பாஸ்பேட்ட சுத்தி தண்ணி மூலக்கூறு வந்து நின்னு, எல்லாம் கூட்டிக் கழிச்சு தான் ஸ்டாண்டர்ட் நிலைல மோலுக்கு 30 கிலோஜூல் சொச்சம் மிஞ்சுது.

கொஞ்சம் யோசிக்கிற பசங்க கடைசியா யுரேனியத்த கொண்டு வருவாங்க, "அங்க உடைச்சா தான வருது?". எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. மொதல்ல சின்னதா பாருங்க, ஒரு ப்ரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தா 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் (நியூக்ளியஸ் அளவுல எனர்ஜிய அளக்குற யூனிட்) காமா கதிரா வெளிய போகும், அத பிரிக்க அதே 2.2 உள்ள குடுக்கணும். காந்தத்துக்கும் பாண்டுக்கும் இருக்கிற அதே விதி, அளவு மட்டும் பல லட்சம் மடங்கு பெருசு. யுரேனியத்துல ஒரு ப்ரோட்டானோ நியூட்ரானோ சராசரியா 7.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு பிணைஞ்சிருக்கு, ரெண்டா பிளந்து வர்ற துண்டுகள்ல அது 8.5 பக்கம். அதாவது துண்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் முன்ன விட இறுக்கமா பிணைஞ்சிருக்கு, அந்த வித்தியாசம் எல்லாம் கூடி ஒரு பிளவுக்கு 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வருது. பிளக்குறது கண்ணுக்கு தெரியுது, இறுகுறது தெரியல, அங்க தான் ஏமாந்து போறோம்.

சோடியம் எலக்ட்ரான குடுக்க ஆசைப்படுதுன்னு எழுதுறது

ஆசையெல்லாம் கெடையாது. சோடியத்துகிட்டேந்து ஒரு எலக்ட்ரான பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு. குளோரின் அத வாங்கிக்கும்போது திருப்பி குடுக்கிறது 349 தான். கைமாத்துனதுல 147 நஷ்டம், அதுக்கும் மேல திடமா இருக்கிற சோடியத்த ஆவியாக்க 107, அரை மோல் குளோரின் மூலக்கூற பிரிக்க 121. இவ்வளவு நஷ்டத்தையும் ஈடு கட்டுறது ப்ளஸ் அயனியும் மைனஸ் அயனியும் அடுக்கடுக்கா சேர்ந்து படிகமாகும்போது வர்ற 787 கிலோஜூல். எட்டு எலக்ட்ரான் ஆகணும்ங்கிற ஏக்கத்துல உப்பு உருவாகல, அந்த 787 இல்லன்னா எட்டு ஆனாலும் உப்பு கெடையாது.

வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான் இருந்தா அணு நிலைச்சு நிக்கும்ங்கிற எட்டு விதி நல்ல ஊன்றுகோல், நானும் மொத நாள் அதத்தான் சொல்லித் தரேன். ஆனா நைட்ரிக் ஆக்சைடுல வெளிக்கூட்டு எலக்ட்ரான் மொத்தம் 11, ஒத்தப்படை, எப்படி பிரிச்சாலும் ரெண்டு பேருக்கும் எட்டு வராது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைட்ல சல்ஃபர சுத்தி ஆறு ஃப்ளூரின், ஆறு பாண்ட், எண்ணினா எட்டு தாண்டிடும். எட்டு நிறைஞ்ச செனான் எதோடயும் சேராதுன்னு பாடத்துல இருந்துச்சு, 1962ல நீல் பார்ட்லெட்ங்கிற வேதியியலாளர் அத பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடோட சேத்து காட்டிட்டார்.

உப்புல மூலக்கூறு தேடுறது

இல்ல. ஒவ்வொரு சோடியத்த சுத்தியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைட சுத்தியும் ஆறு சோடியம், இதுல யார் ஜோடி யாருன்னு சொல்ல முடியாது.

1.7ல கோடு போடுறது

எலக்ட்ரோநெகட்டிவிட்டி (பாண்டுல இருக்கிற எலக்ட்ரான அணு தன் பக்கம் இழுக்கிற வலு) வித்தியாசம் 1.7க்கு மேலன்னா அயனி, கீழன்னா கோவேலண்ட் (எலக்ட்ரான பங்கு போட்டுக்கிறது)னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. ஹைட்ரஜன் ஃப்ளூரைடுக்கு வித்தியாசம் 1.78, தனித்தனி மூலக்கூறா இருக்கு. சோடியம் அயோடைடுக்கு அத விட கம்மி, 1.73, ஆனா அது அயனிப் படிகம். கோடு எங்க?

கொதிக்கிற தண்ணில ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியுதுன்னு நெனைக்கிறது

குமிழிக்குள்ள இருக்கிறது தண்ணி ஆவி. கொதிக்க மோலுக்கு 41 கிலோஜூல், அது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருக்கிற இழுவைய விடுவிக்க மட்டும். உள்ள இருக்கிற ஒரு ஓ-எச்சுக்கு 463 வேணும்னு மேல பாத்தோம்ல. ஹைட்ரஜன் பாண்ட்ங்கிற பேர் தான் பாதி குழப்பத்துக்கு காரணம், அது தண்ணி மூலக்கூறுக்குள்ள இருக்கிற பாண்டோட பேர் இல்ல, பக்கத்து பக்கத்து மூலக்கூறுக்கு நடுவுல இருக்கிற இழுவையோட பேர்.

எல்லா தனிமமும் ஒரே எடத்துல ஆச்சுன்னு முடிக்கிறது

சில பசங்க எல்லாம் பெருவெடிப்புல ஆச்சும்பாங்க, சில பேர் எல்லாம் சூரியன்லயேம்பாங்க. பெருவெடிப்பு முடிஞ்ச சில நிமிஷத்துல ஆனது எடைல முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், கூட துளியூண்டு லித்தியம், அவ்வளவே. அஞ்சு துகள் இருக்கிற நியூக்ளியசும் எட்டு துகள் இருக்கிறதும் நிலைச்சு நிக்காது, அதனால அந்த ஏணில அடுத்த படி இல்ல. நட்சத்திரத்துக்குள்ள 10 கோடி டிகிரி வெப்பத்துல மூணு ஹீலியம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கூடி கார்பன் ஆச்சு. அது நடக்கணும்னா கார்பனுக்கு 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு எனர்ஜி நிலை இருந்தே ஆகணும்னு வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1953ல போய் சொல்ல, தேடினாங்க, இருந்துச்சு. நம்ம சூரியன் கார்பன், ஆக்சிஜனோட நின்னுடும், அதுல தங்கம் எல்லாம் ஆகாது. இரும்ப தாண்டினதெல்லாம் பெரும்பாலும் நியூட்ரான ஒண்ணொண்ணா விழுங்கி ஆனது, சிலது நிதானமா, சிலது ஒரே மூச்சுல. 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதினத பாத்தப்ப அந்த ஒரே மூச்சு வேலை நடந்ததுக்கு வெளிச்சத்துலயே தடயம் கிடைச்சுது. பெரிலியமும் போரானும் வேற கதை, காஸ்மிக் கதிர் பெரிய நியூக்ளியஸ் மேல மோதி சிதறடிச்ச துண்டு அது.

இரும்பு பத்தி ஒண்ணு. நட்சத்திரம் இரும்ப நேரா செஞ்சு வெளிய எறியுதுன்னு எழுதுறாங்க, இரும்பு-56 (56ங்கிறது நியூக்ளியஸ்ல இருக்கிற துகள் எண்ணிக்கை) பெரும்பாலும் நிக்கல்-56ஆ தான் பொறக்குது, 6 நாள் அரை ஆயுள்ல (பாதி சிதைய ஆகுற காலம்) கோபால்ட்டாகி, அது 77 நாள் அரை ஆயுள்ல இரும்பாகுது. 1987ல வெடிச்சது தெரிஞ்ச சூப்பர்நோவாவோட (நட்சத்திர வெடிப்பு) வெளிச்சம் அதே 77 நாள் கணக்குல தான் மங்கிட்டே போச்சு. துகளுக்கு இவ்வளவுன்னு பாத்தா எல்லாத்தையும் விட இறுக்கமா பிணைஞ்சது நிக்கல்-62, இரும்பு-56 மயிரிழைல பின்னாடி.

எரிச்சா தனிமம் மாறும்னு நெனைக்கிறது

மாறாது. நெருப்பு வெளி எலக்ட்ரான தான் தொடும், நியூக்ளியஸ் கிட்ட போகவே முடியாது.

தனிமம் எல்லாம் என்னைக்கோ ஆகி முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறது

நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். டெக்னீசியம்னு ஒரு தனிமம், நிலையான ஐசோடோப்பே (ஒரே தனிமத்துல நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறுற வகை) கெடையாது, இருக்கிறதுலயே அதிகமா தாக்குப் பிடிக்கிறதுக்கு அரை ஆயுள் 42 லட்சம் வருஷம் பக்கம். 1952ல வானியலாளர் பால் மெரில் சில சிவப்பு நட்சத்திரங்களோட நிறமாலைல டெக்னீசியத்தோட கோடுகள பாத்தார். அந்த நட்சத்திரங்களுக்கு வயசு கோடிக்கணக்கான வருஷம். பொறக்கும்போதே உள்ள இருந்திருந்தா எப்பவோ சிதைஞ்சு காணாம போயிருக்கும், அப்ப அது அந்த நட்சத்திரத்துக்குள்ளயே, சமீபத்துல தான் ஆகியிருக்கணும்.